கரைக்குத் திரும்பாத ஊர்கள்

2004 சுனாமியில் காலியான நிகோபார் கிராமங்களின் கைவண்ணம் ஐரோப்பியக் கண்ணாடிப் பெட்டிகளில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு உரியவர்களோ இன்னமும் ஊருக்குப் போக அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கிரேட் நிகோபார் தீவின் தென்கோடியில் ஒரு கலங்கரை விளக்கம் கடலில் கால் நனைத்தபடி நிற்கிறது. 1972-ல் அது செயல்படத் தொடங்கியபோது தரையில்தான் நின்றது. இந்தியாவின் கடைசி முனை கன்னியாகுமரி என்று பள்ளியில் படித்த தமிழருக்கு இந்த இடம் கொஞ்சம் கூச்சம் தரும். நாட்டின் உண்மையான தென்முனை இதுதான். பிக்மேலியன் பாயின்ட் என்று இருந்த பெயர் 1980களில் இந்திரா பாயின்ட் ஆயிற்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்ரா அருகே கடலடியில் பூமி குலுங்கியதில் இந்த முனை சுமார் 4.25 மீட்டர் கீழே இறங்கிவிட்டது. பிறகு அலை வந்தது. விளக்கைப் பராமரித்தவர்கள், அவர்கள் குடும்பத்தார், கடலாமைகளை ஆராய வந்து கரையில் தங்கியிருந்தவர்கள் எனப் பலர் அலையோடு போனார்கள்.

அந்த விளக்கத்தைப் படம் எடுக்காத பத்திரிகை இல்லை. ஆனால் அதற்கு வடக்கிலும் மேற்கிலும் அதே காலையில் அழிந்த ஊர்களின் பெயர்கள் தீவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. சிங்கென், இன் ஹெங் லோய், கோக்கியோன், புலோ பஹா. எல்லாம் நிகோபாரிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கடற்கரைக் கிராமங்கள். பிழைத்தவர்களைக் கப்பலில் ஏற்றிக் கிழக்குக் கரையில் உள்ள காம்ப்பெல் பேக்குக் கொண்டுவந்தார்கள். தற்காலிகம் என்றுதான் சொல்லப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ராஜீவ் நகர், புதிய சிங்கென் என்று பெயரிட்ட குடியிருப்புகளில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய ஊர்களில் காடு ஏறிக்கொண்டிருக்கிறது.

நிகோபார் யாரும் நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடம் அல்ல. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து கப்பல் புறப்பட்டு, முரட்டு அலைக்குப் பேர் போன பத்து டிகிரி கால்வாயைக் கடந்து, சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே வந்தால் கார் நிகோபார். காம்ப்பெல் பே அதைப்போல இரு மடங்கு தூரம். தூரத்தைவிடப் பெரிய தடை 1956-ல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறை. பாஸ் இல்லாமல் வெளியார் பழங்குடிப் பகுதிக்குள் கால் வைக்க முடியாது. அந்தத் தடையால்தான் தீவுகள் வியாபாரிகளிடம் பறிபோகாமல் தப்பின. அதே தடையால், சுனாமிக்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று நாட்டின் மற்ற பகுதிகள் பார்க்கவும் இல்லை.

ஆனாலும் தமிழ்நாட்டுக்கு நிகோபார் அந்நியம் அல்ல. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பியபோது வென்ற இடங்களின் பட்டியலில் மாநக்கவாரம் இருக்கிறது. 1756-ல் இந்தத் தீவுகளுக்கு டேனிஷ்காரர்கள் வந்தது தரங்கம்பாடியிலிருந்து. அவர்களைத் தொடர்ந்து நன்கவுரியில் மிஷன் வைத்த மொராவியப் பாதிரிமார்களும் தரங்கம்பாடி வழியாக வந்தவர்களே. காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மடிந்து 1787-ல் மிஷனை மூடினார்கள். 1890களில் கார் நிகோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்திய உபதேசியாரின் பெயர் வேதப்பன் சாலமன். அவரிடம் படித்த சிறுவன் ஜான் ரிச்சர்ட்சன்தான் பின்னாளில் பிஷப் ஆகி, பைபிளை நிகோபாரி மொழிக்குக் கொண்டுவந்து, 1952-ல் இந்தத் தீவுகளின் முதல் எம்.பி.யாக நியமிக்கப்பட்டவர். கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு 1970களில் அழைத்து வரப்பட்டவர்கள், சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்கள். அதே கச்சல், 2000-ம் ஆண்டின் முதல் சூரியோதயத்தைப் பார்க்கும் இடம் என்று ஆரவாரமாக விளம்பரப்படுத்தப்பட்டது. ஐந்தே ஆண்டில் அலை மிகக் கடுமையாகத் தாக்கிய தீவு என்ற பெயரும் அதற்கே வந்தது.

அந்தமான் நிகோபார் முழுவதும் இறந்தவர், காணாமல் போனவர் எண்ணிக்கை அரசுக் கணக்கில் 3,000-க்கு மேல். பெரும்பகுதி நிகோபாரில். நிகோபார் மாவட்டத்தின் ஜனத்தொகை 2001-ல் 42,068, 2011-ல் 36,842. சாவு ஒருபுறம் இருக்க, ஊர்களே இல்லாமல் போயின. டிரிங்கெட் தீவு மூன்று துண்டானது. அங்கிருந்தவர்கள் எதிரே உள்ள கமோர்டாவில் குடியேற்றப்பட்டார்கள். கோண்டுல், பம்போக்கா போன்ற சின்னத் தீவுகள் ஆளில்லாமல் ஆயின. கார் நிகோபாரில் கடற்கரை நெடுக இருந்த கிராமங்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தீவின் உட்புறத்துக்கு நகர்ந்தன.

கடற்கரையை விட்டு உள்ளே போவது சமவெளிக்காரருக்குப் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதானே! நிகோபாரி ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் அந்த இரண்டு கிலோமீட்டரின் நீளம் தெரியும்.

கார் நிகோபாரில் ஒவ்வொரு ஊருக்கும் கடலோரம் எல்பனம் என்று ஒரு பொது மைதானம். கூட்டமும் விருந்தும் அங்கே. விருந்தாளி தங்கும் வீடு அங்கே. பிரசவத்துக்கும் சாவுக்கும் தனித்தனி வீடுகள் அங்கே. பிறப்பும் இறப்பும் குடியிருக்கும் வீட்டில் நடக்கக் கூடாது என்பது பழைய ஐதீகம். இடுகாடும் கரையோரம்தான். குடியிருப்பு சற்று உள்ளே தள்ளி. உயரமான கால்களின் மேல், கவிழ்த்த தேன்கூடு போல வேய்ந்த வட்ட வீடு. ஏறிப் போக ஏணி. அடியில் பன்றிகள். சுற்றிலும் தென்னை. இந்தத் தென்னை தனி ஆளுக்குச் சொந்தம் அல்ல. துஹெட் என்ற கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். ஒரு துஹெட்டில் பல வீடுகள், பல தலைமுறைகள். மூத்தவர் பங்கு பிரிப்பார். யாருக்கு எந்த மரத்தில் காய் என்பதில் சண்டை வந்தால் தீர்ப்பதும் அவரே.

தேங்காய் அங்கே குடிநீர், உணவு, பன்றித் தீனி, பணம் எல்லாமே. தோணிக்கும் பானைக்கும் ஒரு காலத்தில் விலை பேசியது தேங்காய்க் கணக்கில். பன்றியோ, சாப்பாட்டுக்கு என்று அன்றாடம் அறுக்கிற பிராணி அல்ல. இறந்தவர்களின் எலும்பைச் சில ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்து மரியாதை செய்து மறுபடி அடக்கம் செய்யும் பெருவிழா ஒன்று உண்டு. அதற்காகத் துஹெட் பல ஆண்டுகள் பன்றி வளர்க்கும், கிழங்கு பயிரிடும், பக்கத்துத் தீவுகளுக்கு அழைப்பு அனுப்பும். விருந்தாளிகள் தோணியில் வருவார்கள். ஆக, ஒரு விழா நடக்க வேண்டுமென்றால் கல்லறை வேண்டும், தென்னை வேண்டும், பன்றி வேண்டும், தோணி வேண்டும், தோணி வந்து சேரக் கரை வேண்டும். இதில் எதை எடுத்து மியூசியத்தில் வைப்பது?

தோணியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஹோடி என்பார்கள். ஒரே மரத்தைக் குடைந்து, ஒரு பக்கம் மிதவைக் கட்டை கட்டிய தோணி. பெரிய மரங்கள் தெற்கே உள்ள காட்டுத் தீவுகளில்தான் கிடைக்கும். ஆனால் அங்கே செதுக்கிய தோணி கார் நிகோபாருக்கு நேராக வராது. நடுவில் சௌரா என்ற தீவு உண்டு. சுமார் எட்டு சதுர கிலோமீட்டர் இருக்கும். நல்ல மரமும் இல்லை. அங்கேயிருந்துதான் தோணி கைமாற வேண்டும் என்பது வழக்கம். பானையும் அப்படியே. சௌரா பெண்கள் மட்டுமே பானை வனையலாம். வேறு தீவில் யாராவது முயன்றால் சாவு வரும் என்ற நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பானைக்கான மண்ணும் சௌராவில் கிடையாது. பக்கத்துத் தெரஸாவிலிருந்து தோணியில் வரும். சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்து சுடுவார்கள். மண்ணும் இல்லாத, மரமும் இல்லாத ஒரு பொட்டுத் தீவு இரண்டுக்கும் ஏகபோக உரிமை வைத்திருந்ததை என்னவென்பது! மந்திர சக்தி என்று மற்றத் தீவுக்காரர்கள் பயந்தார்கள். பொருளாதார நிபுணர் யாராவது போயிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார். எப்படியோ, கார் நிகோபார் இளைஞர்கள் நட்சத்திரம் பார்த்து எழுபது கிலோமீட்டர் திறந்த கடலைத் தாண்டி சௌராவுக்கு முதல் பயணம் போய் வருவதுதான் ஆண்மைக்குச் சான்றிதழ்.

இவ்வளவும் 2004 வரை அப்படியே கெடாமல் இருந்தது என்று நினைத்தால் தவறு. அலுமினியப் பாத்திரம் வந்ததுமே சௌரா பானைக்கு மவுசு குறைந்தது. கார் நிகோபார் கிறிஸ்தவமானதும் பழைய சடங்குகள் பல கைவிடப்பட்டன. சில, தேவாலயத்தோடு சமரசம் செய்துகொண்டு தொடர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கையில் பட்ட சித்திரவதையில் பலர் மாண்டார்கள். அதையும் தாண்டி வந்த சமூகம் அது. மாறத் தெரியாத மக்கள் அல்ல அவர்கள். மாறும் வேகத்தை அதுவரை ஓரளவு தாங்களே தீர்மானித்தார்கள் என்பதுதான் முக்கியம்.

அந்தப் பிடி தளர்ந்தது அலைக்குப் பின் வந்த மாதங்களில். முதலில் தகரக் கொட்டகைகள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயிலில் தகரம் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு நிரந்தர வீடுகள். இரு தீவுக்கூட்டங்களிலும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இரும்பும் பலகையும் ஆணியும்கூட மெயின்லாந்திலிருந்து கப்பலில் வந்தன. உழைப்புக்குக் குறை சொல்ல முடியாது. சிமென்ட் மூட்டையை இறக்க ஒழுங்கான துறைகூட இல்லாத இடங்களில் அவ்வளவு வீடுகள் கட்டுவது சாதாரண வேலை அல்ல. ஆனால் வீடு யாருக்கு என்ற கேள்விக்கு அரசு ஃபாரத்தில் ஒரே பதில்தான் இருந்தது: கணவன், மனைவி, குழந்தைகள். நிவாரணத் தொகையும் அப்படியே தனித்தனிக் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் போனது. துஹெட் என்பதற்கு ஃபாரத்தில் கட்டம் இல்லை. தேங்காயைப் பங்கு பிரித்த மூத்தவருக்குப் பிரிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. பணத்தைக் கண்டிராத கைகளில் திடீரென்று பணம். பைக், டி.வி., சாராயம் எல்லாம் கூடவே வந்தன. வரிசையாகக் கட்டிய வீடுகளின் அடியில் பன்றி வளர்க்க இடமும் இல்லை.

சுனாமிக்கு முன்பே மத்திய நிகோபாரில் ஆய்வு செய்துவந்த மானிடவியலாளர் சிம்ரன் ஜித் சிங் இதைப் பல முறை எழுதியிருக்கிறார். டிரிங்கெட் மக்களோடு பழகியவர் அவர். அவர் பங்களிப்போடு 2014-ல் வந்த ஆவணப்படத்தின் தலைப்பில் இரண்டாம் வெள்ளம் என்ற சொல் வருகிறது. முதல் வெள்ளம் தண்ணீர். இரண்டாவது, உதவி.

சரி, பொருள்களாவது மிஞ்சினவா? மிஞ்சின, வேறு ஊர்களில். நன்கவுரிப் பக்கத்து வீடுகளில் கரேயாவ் என்ற மர உருவங்கள் நிற்கும். ஆள் உயரத்திலும் உண்டு, சிறிதும் உண்டு. சிப்பியில் செய்த கண்கள், ஓங்கிய கை. நோய் கொண்டுவரும் ஆவிகளை விரட்ட மென்லுவானா என்ற மந்திரவாதியின் யோசனைப்படி செதுக்குவது. சிங்கம், முதலை, சில சமயம் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கப்பல் தலைவன்கூட அதில் உண்டு. ஆவி எதற்குப் பயப்படும் என்று யார் கண்டது! 1858-ல் ஆஸ்திரியாவின் நோவாரா கப்பல் இங்கே வந்து நங்கூரம் போட்டது. அது கொண்டுபோன பொருள்கள் வியன்னாவில். பிரிட்டிஷ் அதிகாரி இ.எச். மேன் சேகரித்தவை லண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும். கல்கத்தா இந்தியன் மியூசியத்திலும் போர்ட் பிளேர் மானிடவியல் மியூசியத்திலும் கொஞ்சம். தீவில் இருந்தவற்றில் பெரும்பகுதியை அலை வாரிக்கொண்டு போய்விட்டது. தாத்தா செதுக்கிய உருவத்தைப் பார்க்க டிரிங்கெட் சிறுவன் விசா எடுக்க வேண்டும்.

பேரழிவில் கைவிடப்பட்ட பகுதியின் பண்பாட்டைக் காப்பது எப்படி என்பதற்கு உலகில் முன்னுதாரணம் உண்டு. 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்ததும் உக்ரைனில் பொலேசியா என்ற பழம்பெரும் நாட்டுப்புறப் பகுதியின் பல ஊர்கள் காலி செய்யப்பட்டன. பின்னர் உக்ரைன் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அந்த ஊர்களுக்குள் போய்த் தறி, பூவேலை போட்ட துணி, பண்டபாத்திரம், கோயில் படங்கள் என்று சேகரித்தார்கள். வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறிப்போன கிழவிகளைத் தேடிப் பிடித்துப் பாடல்களையும் சடங்குகளையும் பதிவு செய்தார்கள். வேறு வழி அவர்களுக்கு இல்லை. வீடுகள் அப்படியே நின்றன, பொருள்கள் உள்ளே இருந்தன, ஆனால் மண்ணில் விஷம். தடையை மீறித் திரும்பிப் போனவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்.

நிகோபாரில் கதை தலைகீழ். பொருள்கள் போய்விட்டன. மண்ணோ மெல்ல ஆறிவிட்டது. உப்பு ஏறிய நிலத்தைப் பல ஆண்டு மழை கழுவியது. புதிய கரை உருவாகியிருக்கிறது. செதுக்கவும் வேயவும் தெரிந்தவர்கள் பலர் பிழைத்தார்கள். ஆகவே இங்கே காப்பாற்ற வேண்டியது பெட்டிக்குள் அடங்குகிற சமாச்சாரம் அல்ல. திரும்பிப் போகும் வழி. அந்த வழி திறந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு சௌராவே சாட்சி. அலைக்குப் பிறகு சௌரா மக்கள் அத்தனை பேரையும் தெரஸாவுக்குக் கொண்டுபோனார்கள். சௌராக்காரர்கள் தங்கள் தீவுக்கே போவோம் என்று பிடிவாதமாக நின்று, திரும்பிப் போனார்கள். அரசும் கடைசியில் அவர்களுக்கு அங்கேயே வீடு கட்டித் தந்தது. இன்று நிகோபார் ஹோடிக்கும் நிகோபார் குடிசைக்கும் பாய்க்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு கிடைத்தால் போதாது, செதுக்க மரமும் நிறுத்தக் கரையும் வேண்டும் என்பதைத் தோணிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிரேட் நிகோபாரின் மேற்கு, தெற்குக் கரை மக்களுக்கு அந்த வழி திறக்கவில்லை. கேட்காமல் இருந்தார்கள் என்பதல்ல. கேட்டார்கள், திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சாலை அலையில் அறுந்துபோனது, பள்ளி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, அவ்வளவு தூரத்தில் சில நூறு பேருக்காக வசதி செய்ய முடியாது என்ற காரணங்களில் உண்மையும் இருக்கிறது. அதற்குள் வேறொரு திட்டம் வந்துவிட்டது. தீவின் தெற்கே கலாத்தியா வளைகுடா. 1846-ல் வந்த டேனிஷ் கப்பலின் பெயர் அது. உலகின் மிகப் பெரிய கடலாமை இனம் முட்டையிட வரும் கரை. அங்கே சரக்குப் பெட்டகத் துறைமுகம், கூடவே விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் என்று எழுபதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்ட திட்டம். அதற்கு வழிவிட 2021 ஜனவரியில் வளைகுடாவின் வனவிலங்குச் சரணாலய அந்தஸ்து நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மலாக்கா நீரிணையின் வாசலில் நாட்டுக்கு ஒரு காவல் வேண்டும் என்பது அரசின் வாதம். பழங்குடியினர் யாரும் இடம் பெயர்க்கப்பட மாட்டார்கள் என்பதும் அரசு சொல்வது.

பழங்குடியினரின் சிக்கல் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. ராஜீவ் நகரில் இருப்பவர்களை அங்கிருந்து யாரும் பெயர்க்கவில்லைதான். அவர்களைப் பெயர்த்தது 2004. லிட்டில், கிரேட் நிகோபார் பழங்குடிக் கவுன்சில் 2022 ஆகஸ்டில் திட்டத்துக்குத் தடையில்லை என்று சான்று கொடுத்தது. தங்கள் பழைய ஊர்களின் நிலமும் திட்டப் பகுதிக்குள் வருகிறது என்று தெரிந்ததும் நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. வரைபடத்தில் அந்த இடங்கள் ஆளில்லாக் காடாகத் தெரிகின்றன. ஆள் இல்லாததற்குக் காரணம் வரைபடத்தில் இராது.

மேற்குக் கரைக் கடல் தென்மேற்குப் பருவக்காற்றில் யாரையும் அண்டவிடாது. காற்று தணிந்த மாதங்களில் காம்ப்பெல் பேயிலிருந்து சிலர் இன்ஜின் படகில் பழைய ஊர்ப் பக்கம் போகிறார்கள். டீசலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்வார்கள். ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு நாலைந்து நாள் தங்கி, தென்னந்தோப்பில் புதர் வெட்டி, விழுந்து கிடக்கும் நெற்றுகளைப் பொறுக்கி, முளைவிட்டவற்றைக் கரையை ஒட்டி நட்டு வைக்கிறார்கள். மற்றதைப் படகில் ஏற்றிக்கொண்டு, கடல் முறைத்துக்கொள்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள்.